அரையாள் தசரதன்

மேஸ்திரி முனியப்பனின் அளவுகோல் மூங்கிலால் ஆனது. அதில் இரண்டே வெட்டுகள் இருந்தன. ஷிப்ட் முடியும் வேளையில் அவர் ஒரு கையில் மெழுகுவத்தியும் மறு கையில் கோலுமாகப் பாறை முகப்புகள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு வருவார். வெடிமருந்து திணிப்பதற்காக அன்று துளைத்த குழிக்குள் கோலை விட்டு, குழியின் வாயில் எந்த வெட்டு நிற்கிறதென்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கீழ்வெட்டு நின்றால் ‘அரை’ என்பார். மேல்வெட்டு நின்றால் ‘முழு’ என்பார். அந்தச் சொல் அவரோடு கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறி மேலே போய், கூலிக்காரர் லைன் வீடுகள் வரைக்கும் பரவிவிடும்.

தசரதனிடம் வரும்போது மட்டும் மேஸ்திரியின் விரல் வெட்டைத் தேடுவதில்லை. கோல் குழிக்குள் இறங்கும்போதே அவர் வாய் ‘அரை’ என்று சொல்லிவிடும்.

இதன் தொடக்கம் ஒரு காய்ச்சல். பங்காருபேட்டையிலிருந்து தங்கவயலுக்குக் கிளை இரயில் போடப்படாத காலத்தில், குடியாத்தத்துக்கு அப்பாலிருந்த ஒரு சிற்றூரிலிருந்து தசரதன் வேலை தேடி வந்தான். வண்டியிலேயே உடம்பு கொதிக்கத் தொடங்கிவிட்டது. நிலையத்திலிருந்து சுரங்கம் வரையிலான வழியை வெயிலில் நடந்தே கடந்து, பல் கிடுகிடுக்க மேஸ்திரியின் முன்னால் நின்றான். ஆள் எடுப்பதற்கு மேஸ்திரி வைத்திருந்த சோதனை எளியது. புதிதாக வந்தவன் சம்மட்டியை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். மேஸ்திரி வெற்றிலை மடித்து, மென்று, முதற்சாற்றைத் துப்பும்வரை அது தாழக்கூடாது. தசரதன் பிடித்த சம்மட்டி, அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போதே தரையில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“அரையாளு,” என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான்.

காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது. கைக்கு வலு திரும்பியது. ஆனால் சம்மட்டியை இன்னொரு முறை தூக்கிக் காட்டும்படி ஒருவரும் கேட்கவில்லை. கேளுங்கள் என்று தசரதனும் சொல்லவில்லை. அளந்தவர் அறிந்துதான் அளந்திருப்பார் என்று அவன் எண்ணினான். ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்த அளவு அவன் மேல் ஒட்டிய தூசாக இல்லாமல் அவன் தோலாகவே ஆகிவிட்டது. வழியில் எதிரே யாராவது வந்தால் அவன்தான் ஒதுங்குவான். பேசத் தொடங்கிய வாக்கியத்தை யாராவது இடைமறித்தால் மீதியை விழுங்கிக்கொள்வான். ஒரு திருமணப் பந்தியில் மேஸ்திரியின் மருமகன் அப்பளத்தை இரண்டாக உடைத்து, பாதியை மட்டும் அவன் இலையில் வைத்துவிட்டுப் போனான். வரிசை முழுவதும் சிரித்தது. தசரதனும் சிரித்தான்.

பெண்கள் பந்தியிலிருந்து இதைப் பார்த்த அவன் மனைவி பார்வதம்மா சிரிக்கவில்லை. தன் இலையின் அப்பளத்தை முந்தானையில் பொதிந்து வீட்டுக்கு எடுத்து வந்து, உடையாத அந்த முழு அப்பளத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை.

இரண்டு அரையாட்களை ஒன்றாகச் சேர்த்து ஓர் ஆளாகக் கணக்கிடுவது மேஸ்திரியின் வழக்கம். தசரதனோடு சேர்க்கப்பட்டவன் கோவிந்தன். வயதில் மூத்தவன், ஒரு கால் சற்றுக் குட்டை. கோவிந்தன் உளியைப் பாறையில் பொருத்திப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் சிறிது திருப்பிக் கொடுப்பான். தசரதன் சம்மட்டியால் அடிப்பான். இருவரும் சேர்ந்தால் கோலில் மேல்வெட்டு நிற்கும்; அதை மேஸ்திரி ஆளுக்கு ‘அரை’ என்று பிரித்துச் சொல்லிவிடுவார். “ஒரு ஆளுக்கு காலு நாலு, அதுலயும் ஒண்ணு மொடம்,” என்று மேஸ்திரி வேடிக்கையாகச் சொல்வார்.

சுரங்கத்துக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அழைத்தால் பாறை அந்தப் பெயரைக் கற்றுக்கொள்ளும். கற்ற பெயரைப் பின்னொரு நாள் தானே கூப்பிடும் என்பது அங்கிருந்தவர்களின் நம்பிக்கை. ஆகையால் ஒவ்வொருவருக்கும் உள்ளே வழங்க ஒரு வேறு பெயர் இருந்தது. கோவிந்தனுக்குப் ‘பெரிய அரை’. தசரதனுக்குச் ‘சின்ன அரை’.

முழுக்குழி விழுவது கோவிந்தனின் கைத்திருப்பத்தால்தான் என்பதில் தசரதனுக்கு ஐயமே இருந்ததில்லை. கோவிந்தன் இதை ஒப்புக்கொண்டதில்லை. “அடிக்கறவன் நீ. நான் சும்மா துணைக்கு குந்திக்கினு கீறேன்,” என்பான். பெரியவர் பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று தசரதன் அதைத் தள்ளிவிடுவான்.

அந்தக் கோவிந்தன் ஒரு நாள் முற்பகலில் இறந்தான். அவர்கள் வேலை செய்த இடம், லெவல் எனப்படும் கிடைச்சுரங்கப் பாதையின் கடைக்கோடியில், அப்பால் போக வழியில்லாத ஒரு முட்டுக்குகை. கூர் தீட்டிய உளிகளை வாங்கி வர தசரதன் லெவலின் வாய்வரை போயிருந்தான். திரும்பியபோது உள்ளே மெழுகுவத்தி அணைந்திருந்தது. தூசி மட்டும் காற்றில் நின்றது. கூரைப் பாறையில் பலகைபோல் ஒரு துண்டு கழன்று விழுந்திருந்தது. தசரதனுக்குக் கோவிந்தனின் பெயர் வாய்வரை வந்தது. வழக்கத்துக்கு அஞ்சி அதை விழுங்கிவிட்டு, “பெரிய அரை, பெரிய அரை” என்று மட்டும் கூப்பிட்டான். பதில் வரவில்லை.

ஈமக்கடன்கள் முடிந்தபின், தசரதனுக்கு வேறு துணை கிடைக்கவில்லை; எஞ்சிய அரையாட்களுக்கெல்லாம் ஏற்கெனவே துணை இருந்தது. மேஸ்திரி சிறிய சம்மட்டி ஒன்றைக் கொடுத்து, இடக்கையால் உளியைப் பிடித்து வலக்கையால் அடிக்கச் சொல்லி, அதே முட்டுக்குகைக்குத் தசரதனைத் தனியே அனுப்பினார். முதல் சில நாட்கள் கோலில் கீழ்வெட்டே நின்றது. அதைப் பற்றி யாரும் வியக்கவில்லை.

பிறகு அந்த ஓசை வந்தது.

தரைக்கு மேலே தாதுக்கல்லை நொறுக்கும் அரைவை மில்லின் இடி ஓயாது. அதற்குப் பழகிய காதுகளுக்குக் கீழேயுள்ள அமைதி ஏதோ ஒரு கை வந்து செவியைப் பொத்தியது போலிருக்கும். அந்த அமைதியில் தசரதன் அடித்த ஒவ்வோர் அடிக்கும் பின்னால், சற்றுத் தாமதித்து, பாறைக்கு அப்பாலிருந்து ஒரு தட்டு கேட்டது. குகையின் எதிரொலி என்று நினைத்துச் சம்மட்டியை நிறுத்தினான். அவன் நிறுத்திய பின்னும் ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டது. பிறகுதான் அதுவும் நின்றது.

அவன் ஓடவில்லை. ஓடினால் எங்கே ஓடுவது, யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாததால் அங்கேயே உட்கார்ந்திருந்தான். சற்றுப் பொறுத்து மறுபடியும் அடித்தான். மறுபடியும் தட்டு கேட்டது. காற்றோட்டத்தில் மெழுகுவத்தி அணைந்தது. அதை ஏற்றவும் அவனுக்குத் தோன்றவில்லை. இருட்டில் உளி தன் உள்ளங்கைக்குள் தானாகத் திரும்புவதை உணர்ந்தான். ஓர் அடி, ஒரு திருப்பம், பின்னால் ஒரு தட்டு. கோவிந்தனின் தாளம் அதுதான். அச்சம் மெல்ல விலகி, அதன் இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது. பழைய துணைவனோடு வேலை செய்யும் நிம்மதி அது.

அன்று மேஸ்திரி கோலை விடும்போதே வழக்கம்போல் “அரை” என்றார். சொல்லி முடித்த பின்னும் கோல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை வெளியே இழுத்துப் பார்த்தார், மறுபடியும் விட்டார். கட்டைவிரல் மேல்வெட்டின் மேல் நின்றது.

“யார்ரா அடிச்சது?”

“பெரிய அரை கூட இருந்தாரு மேஸ்திரி,” என்றான் தசரதன்.

மேஸ்திரி திரும்பி, வந்ததைவிட விரைவாக நடந்து போனார். கோல் குழிக்குள்ளேயே நின்றது. எடுத்துக்கொண்டு போக அவர் மறந்துவிட்டார்.

செய்தி லைன்களில் பரவியது. சுரங்கத்தை மேற்பார்த்த வெள்ளைக்காரக் கேப்டன் துரை சிரித்துத் தள்ளிவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தம்முடைய ஊர்ச் சுரங்கங்களிலும் பாறைக்குள் தட்டுகிறவர்கள் உண்டு என்றும், அவர்களைப் பற்றி உரக்கப் பேசலாகாது என்றும் சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனாராம். அதன்பின் ஐயப்பட்டவர்களும் நம்பினார்கள். முட்டுக்குகைப் பக்கம் போவதை ஆட்கள் தவிர்த்தார்கள். தசரதனை யாரும் கேலி செய்வதில்லை. அவனோடு பேசுவதும் இல்லை. ஆட்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் கேஜில் அவனுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடத்தைக் காலியாக விட்டார்கள். கேஜ் இறங்கும்போதும் ஏறும்போதும் அந்த இடம் அவனோடு கூடவே இறங்கி ஏறியது.

தசரதன் நாள்தோறும் வெற்றிலையும் பாக்கும் இரண்டு பங்காக எடுத்துப் போனான். ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, மற்றொன்றைப் பாறையிலிருந்த ஒரு சிறு விளிம்பில் வைப்பான். மறுநாள் அது அங்கே இராது. சுரங்கத்தில் எலிகள் உண்டென்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் எலியை அவன் நினைக்க விரும்பவில்லை.

இடது உள்ளங்கையில் புதிதாகக் கொப்புளங்கள் எழும்பின. பார்வதம்மா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: “இது இன்னா, எரவல் கையா? உன் கைதான இது?”

“அண்ணன் இல்லன்னா நான் இன்னா அடிச்சி கிழிச்சிருப்பேன்?”

அவள் கையை விட்டுவிட்டாள். “நல்லா இருக்கறவன அரையாளுன்னான் ஒருத்தன். செத்தவன முழு ஆளுங்கற நீ,” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

இந்த நிலையில் மேஸ்திரி லைனுக்கு ஒரு செய்தி கொண்டு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து கீழே முழுக்குழி போடுகிறவர்களுக்கு மட்டுமே இடம். அரையாட்கள் லைன் வீட்டை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இதைச் சொல்லிவிட்டு, தசரதனிடம் குரலைத் தாழ்த்தி, “உனக்கு இன்னா கவல, கோவிந்தன் கீறான்,” என்றார். தசரதனும் அப்படியே எண்ணி ஆறுதலடைந்தான்.

அந்த ஆறுதல் ஞாயிற்றுக்கிழமைவரை நீடித்தது. அன்று பகலில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், கோவிந்தனின் மனைவி வெங்கடம்மா அவனுக்காகக் காத்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அருகில் வந்து குடத்தைக் கீழே வைத்தாள்.

“தம்பி, எங்க வூட்டுக்காரர எப்ப விடப்போற?”

தசரதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் சொன்னாள். கோவிந்தன் நாள்தோறும் வருகிறான். கதவைத் திறந்து பார்த்தால் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். தலையிலிருந்து சுரங்கத் தண்ணீர் சொட்டுகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். உள்ளே வரச் சொன்னால், ஷிப்ட் முடியவில்லை, சின்ன அரை தனியாக இருப்பான் என்கிறான். கனவா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வாசற்படி ஈரமாக இருக்கிறது.

“உடம்பெல்லாம் நனஞ்சி வராரு. கை மட்டும் கழுவி வெச்சாப்பல சுத்தமா கீது. உயிரோட இருந்தப்பகூட அப்பிடி சுத்தமா வந்தது இல்ல தம்பி. நீ தெனம் வெத்தல வெச்சி கூப்புடற. கூப்புட்டா எப்பிடி போவாரு? செத்தும் அவருக்கு ஷிப்டு முடியலன்னா நான் எங்க போயி கேக்கறது?”

அவள் கேட்டது இவ்வளவே: வெற்றிலை வைக்காதே, கீழே போய் அவர் பெயரைச் சொல்லி, போகச் சொல்.

அன்று மாலைவரை அவன் லைனுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் உட்கார்ந்திருந்தான். அனுப்பாவிட்டால், தனக்கு அண்ணனாக இருந்தவன் குடிக்கத் தண்ணீரின்றி வாசலுக்கும் பாறைக்கும் நடுவே அலைவான். அனுப்பிவிட்டால், மறுநாளே கோலில் கீழ்வெட்டு நிற்கும். மாத முடிவில் பார்வதம்மாவோடு மூட்டை கட்ட வேண்டும். வீடு போவதைக்கூட அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. ‘அரை’ என்ற அந்தச் சொல்லைத் திரும்பவும் கேட்பதை நினைக்க முடியவில்லை. அது முன்பு பழகிய சொல்தான். ஆனால் சில காலம் கேளாமல் இருந்துவிட்டால், பழகிய சொல்லும் புதிதாகக் குத்தும் என்பதை அவன் அப்போதுதான் அறிந்தான்.

மறுநாள் காலையில் பார்வதம்மா மடித்துக் கொடுத்த வெற்றிலையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். கேஜில் காலியிடம் வழக்கம்போல் அவன் பக்கத்தில் நின்றது.

முட்டுக்குகையில் மெழுகுவத்தியைப் பொருத்தி வைத்துவிட்டு, பாறையைப் பார்த்தபடி நின்றான். அன்று விழுங்கிய பெயரை இப்போது சொல்ல வேண்டும். பாறை கேட்கக் காத்திருப்பதுபோல் இருந்தது.

“கோவிந்தண்ணே.”

எங்கோ ஒரு சொட்டு நீர் விழுந்தது.

“போயிடு அண்ணே. அண்ணி வாசல்ல தண்ணி வெச்சிக்கினு கீறாங்க. உன் ஷிப்டு முடிஞ்சிபோச்சி.”

மெழுகுவத்தியின் சுடர் சாய்ந்தது, அணையவில்லை. சாய்ந்த சுடர் ஒருவர் கடந்து போகும் நேரம் அப்படியே நின்று, பிறகு நிமிர்ந்தது. தசரதன் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றான்.

பிறகு உளியைப் பொருத்தி அடித்தான். காதைத் தீட்டிக் கேட்டான். பின்னால் தட்டு இல்லை. இன்னோர் அடி. இல்லை. அந்த ஓசை இருந்தபோது ஏற்படாத அச்சம், அது இல்லாதபோது அவனைப் பிடித்துக்கொண்டது. தன் மூச்சு தனக்கே யாரோ ஒருவரின் மூச்சாகக் கேட்டது. தன் சம்மட்டியின் ஒலியை வேறெந்த ஒலியும் கலவாமல் அவன் கேட்டது அன்றுதான். அது யாருடையதென்று திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றியது.

சிறிது நேரத்தில் கை ஓய்ந்தது. இதற்கு மேல் முடியாது என்று சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். மேஸ்திரியிடம் போய், அரையாள் அரையாள்தான் என்று தானே சொல்லிவிடலாமென்று எழுந்தான். மெழுகுவத்தியை எடுக்கக் கை நீட்டியபோது, வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்தான்.

கை வெள்ளையாக இருந்தது. விரலிடுக்கு, நகக்கண், ரேகை எல்லாவற்றிலும் பாறைத்தூள் படிந்திருந்தது. உளி திருப்புகிறவன் கை அப்படித்தான் இருக்கும். குழியிலிருந்து வரும் தூள் முழுவதும் அவன் மேல்தான் விழும். கோவிந்தன் உயிரோடிருந்த காலத்தில் முழங்கைவரை வெள்ளையாகத்தான் வீட்டுக்குப் போவான்.

‘கை மட்டும் கழுவி வெச்சாப்பல’ என்றாளே வெங்கடம்மா.

தசரதன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். நாள்தோறும் இங்கே உளி பிடித்தவன் கை எப்படிச் சுத்தமாக இருக்கும்? கோவிந்தன் பிடிக்கவில்லை என்றால், இருட்டில் உளியைத் திருப்பிய கை எது? இடக்கையை மெழுகுவத்திக்கு அருகில் கொண்டுபோனான். கொப்புளங்கள் உடைந்து காய்த்த தழும்புகள் வரிசையாக இருந்தன. அவை எழும்பத் தொடங்கியது தட்டு கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து. இவ்வளவு நாள் அவற்றுக்கு எண்ணெய் தடவினானே தவிர, அவை எப்படி வந்தன என்று ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை.

பேய்க்கு அஞ்சாத தசரதன் அந்தக் கைக்கு அஞ்சினான். தன் தோளிலேயே தொங்கிக்கொண்டு, தன் சோற்றையே தின்று, தனக்குத் தெரியாமல் இத்தனை நாள் ஒரு முழு ஆளின் வேலையைச் செய்து வந்த கை அது. அதன் விரல்களை மடக்கிப் பார்த்தான், நீட்டிப் பார்த்தான். சொன்னபடி கேட்டன.

‘நான் சும்மா துணைக்கு குந்திக்கினு கீறேன்.’ கோவிந்தன் உயிரோடிருந்தபோது சொன்ன அந்தச் சொல்லில் பெருந்தன்மை ஏதுமில்லை. இருந்ததைத்தான் அவன் இருந்தபடி சொல்லியிருக்கிறான்.

எவ்வளவு நேரம் கழிந்ததென்று தெரியாது. தசரதன் எழுந்து உளியைப் பொருத்தினான். இம்முறை ஒவ்வொரு திருப்பத்தையும் கண் திறந்து பார்த்துக்கொண்டே அடித்தான். ஓசை ஒன்றாகவே கேட்டது.

மேஸ்திரி வந்தபோது சற்றுத் தள்ளியே நின்றார். குகைக்குள் கண்ணை ஓட்டிவிட்டுத்தான் அருகில் வந்தார். கோலை விட்டார், அன்று வாய் முந்தவில்லை. கட்டைவிரல் தடவியது.

“முழு,” என்றார். பிறகு, “அவன் கீறானா?”

“போயிட்டாரு மேஸ்திரி. காலையிலயே அனுப்பிட்டேன்.”

“அப்ப யாரு அடிச்சது?”

“நான்தான் அடிச்சேன். இதுக்கு முந்தியும் நான்தான்.”

அந்த முட்டுக்குகையில் பேசிய சொல்லின் கடைசி அசையை எப்போதும் பாறை திருப்பிச் சொல்லும். அன்று சொல்லவில்லை. மேஸ்திரியும் அதைக் கவனித்தார் போலும்; மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கேஜில் ஆட்கள் வழக்கம்போல் விலகி நின்றார்கள். தசரதன் காலை அகற்றி அந்தக் காலியிடத்தின் நடுவில் நின்றான். யாரோ ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி கேட்டது. வேறொன்றும் நிகழவில்லை.

மேலே வெயில் இன்னும் இருந்தது. மேஸ்திரிக்கு, நடந்ததை முறைப்படி முடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. சுவரில் சாய்த்திருந்த பெரிய சம்மட்டியைக் காட்டி, மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். ஆட்கள் கூடினார்கள்.

தசரதன் சம்மட்டியைப் பார்த்தான். அதைத் தொடவில்லை.

“வேணாங்க மேஸ்திரி. அன்னிக்கி நீங்க அளந்தது என் ஜொரத்த. ஜொரம் அப்பவே எறங்கிப்போச்சி.”

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். மேஸ்திரி மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்து, பிறகு தசரதனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

கையைக் கழுவாமலே அவன் வெங்கடம்மாவின் லைனுக்கு நடந்தான். அவள் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தாள். “காலையிலயே அனுப்பிட்டேன் அண்ணி,” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொம்பை எடுத்து அவன் கைகளில் ஊற்றினாள். சொம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. நிறைய வைத்ததாகத்தான் தனக்கு நினைவென்று சொல்லிவிட்டு, கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அதன்பின் வாசற்படி நனைந்ததில்லை.

தசரதன் மேலும் பல ஆண்டுகள் கீழே வேலை செய்தான். அவனுக்கு வேறு உள்பெயர் வைக்க முயன்றார்கள்; எதுவும் நிலைக்காமல், ‘சின்ன அரை’ என்றே கடைசிவரை அழைத்தார்கள். அவன் அதற்காக வருந்தவில்லை. அவர்கள் அழைப்பது ஒன்று, தான் அறிந்தது ஒன்று என்று இருந்துவிட்டான். கோல் சொல்வதைக் கேட்பதற்கு முன், கைகளை ஒரு முறை மெழுகுவத்தி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொள்வது மட்டும் அவனுக்குப் பழக்கமாயிற்று. மேஸ்திரியின் மருமகன் இன்னொரு பந்தியில் அவன் இலையில் முழு அப்பளம் வைத்தான்.

கையில் படிந்த தூள் கழுவினால் போய்விடும். மூச்சோடு உள்ளே போனது போகாது. உளி பிடித்தவர்கள் பலரையும்போல் தசரதனுக்கும் மார்பு கெட்டது. சுரங்கத்துக்குள் மின்விளக்கு வந்த காலத்தில் அவன் லைன் வீட்டில் பாயில் கிடந்தான். ஒரு நாள் நடுப்பகலில் அவன் இருமியபோது பார்வதம்மா திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தாள். சற்றுத் தாமதித்து, சுவருக்கு அப்பாலிருந்து ஓர் இருமல் கேட்டது. அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. தசரதன் மறுபடியும் இருமினான், மறுபடியும் கேட்டது.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“பயப்படாத. அண்ணன்தான். துணைக்கு வந்து குந்திக்கினு கீறாரு,” என்றான். மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, ஒரு தவற்றைத் திருத்துபவன்போல் மேலும் சொன்னான்: “இருமறது நான்தான்.”